தீவுச் சூழலில் மொழித்தரவுக் கணிப்பொறி: அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்வைத்துச் சில நடைமுறை விளக்கங்கள்

0. முன்னுரை

பெரிய அந்தமானிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்த போ மொழியை அறிந்திருந்தவர்களுள் இறுதியானவராகிய போவா சீனியர் 26.1.2010 அன்று காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரிடமிருந்து பதிவு செய்த பேச்சும் பாட்டும் கதையும் இன்று கணிப்பொறிக் கோப்புகளாக உள்ளன. வளமான மொழி ஒன்றின் ஒலிப்பதிவு பழுதுற்றால் மீண்டும் களத்திற்குச் சென்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். போ போன்ற மொழிகளுக்கு அவ்வழி இல்லை. கோப்பு திறக்கவில்லை எனில், அம்மொழிக்குரிய அச்சான்று இல்லாமலே போகிறது.

மொழித்தரவைத் தாங்கும் கணிப்பொறிகளையும் அவற்றுக்குப் பொதுவான வழங்கிக் கணிப்பொறியையும் அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியாளரிடம் விடப்படுகிறது. ஆனால் எழுத்துக் குறியேற்றம், அகரவரிசை, கோப்புப் பெயர், காப்புப்படி, அணுகுரிமை ஆகியவை பற்றிய முடிவுகள் மொழியறிவின்றி எடுக்கத்தக்கவை அல்ல. இவை மொழியியல் முடிவுகளே என்பதை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் சூழலை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தாமே செய்து பார்க்கக்கூடிய அல்லது பணியாளரிடம் தெளிவாகக் கேட்டுப் பெறக்கூடிய முறைகள் மட்டுமே இங்குக் கூறப்படுகின்றன.

1. சூழல்

1.1 மொழிகளும் எழுத்துகளும்

2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வங்காளம் (28.49 விழுக்காடு), இந்தி (19.29), தமிழ் (15.20), தெலுங்கு (13.24), நிக்கோபாரியம் (7.65), மலையாளம் (7.22) ஆகியவை பெரும்பான்மையாகப் பேசப்படுகின்றன. கார் நிக்கோபாரியம் மேற்குறிகளோடு கூடிய ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அந்தமானிய மொழிகளின் தரவு பன்னாட்டு ஒலியெழுத்திலும் தேவநாகரியிலும் உள்ளது. ஆகவே இங்குள்ள மொழித்தரவு வழங்கி ஒன்று குறைந்தது ஆறு எழுத்து முறைகளைத் தாங்க வேண்டியதாகிறது.

1.2 இணைப்பும் இயற்கையும்

2020 வரை தீவுகளின் இணைய இணைப்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. சென்னையையும் போர்ட் பிளேரையும் ஏனைய ஏழு தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி ஒளியிழை வடம் 10.8.2020 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. வடம் சென்று சேராத தீவுகளிலும் களப்பணி நடைபெறும் உட்பகுதிகளிலும் மெலிந்த இணைப்பையே எதிர்பார்த்துப் பணியைத் திட்டமிடுதல் வேண்டும்.

தீவுகள் பெருநிலத்தின் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டவை அல்ல. மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் இயந்திரங்களால் ஆங்காங்கே உற்பத்தி செய்யப்படுகிறது. இரு பருவமழைகளாலும் காற்றில் ஈரம் மிகுதி. நிலநடுக்க வாய்ப்பு மிகுந்த பகுதி இது. 26.12.2004 அன்று நிகழ்ந்த ஆழிப்பேரலையின் அழிவு நிக்கோபார் தீவுகளில் மிகக் கடுமையாக இருந்தது. பின்வரும் பகுதிகளில் கூறப்படும் முறைகள் இச்சூழலைக் கருத்திற்கொண்டவை.

2. எழுத்துக் குறியேற்றம்

2.1 ஒரே குறியேற்றம்

வழங்கியின் இயக்க முறைமை, தரவுத்தளம், பயன்பாட்டு நிரல், ஏற்றுமதிக் கோப்பு ஆகிய நான்கிலும் யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவமே வழங்குமாறு அமைத்தல் வேண்டும். நான்கில் ஒன்று மாறினாலும் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். அவ்வாறு மாறியபின் சேமிக்கப்பட்ட உரையை மீட்க இயலாது.

யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் கொள்ளும். ஆனால் 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் 4 பைட் கொள்பவை. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நெடுங்காலம் யூடிஎஃப்8 என்ற பெயரில் வழங்கிய அமைப்பு 3 பைட்டுக்கு மேற்பட்ட குறிகளை ஏற்காது. யூடிஎஃப்8எம்பி4 என்ற அமைப்பே முழுமையானது. பழைய கணக்கேடுகளையும் ஓலைச்சுவடிகளையும் பதிப்பிப்போர் இவ்வேறுபாட்டை முதலிலேயே கவனித்தல் நன்று.

2.2 ஒரே தோற்றம், வேறு குறிகள்

'கொடி' என்னும் சொல்லை இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தை அடுத்து ஒகரக்குறி ஒன்றை (யூனிகோடு வரிசை எண் 3018) இடுவது ஒருவகை. ககரத்தை அடுத்து எகரக்குறியையும் (3014) ஆகாரக்குறியையும் (3006) தனித்தனியே இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. சொல்லடைவில் ஒரே சொல் இரு பதிவாக நிற்கும். மொழிபெயர்ப்பு நினைவகத்தில் பொருந்த வேண்டிய தொடர் பொருந்தாது.

இரண்டாம் வகை எவ்வாறு வருகிறது என்பதும் அறியத்தக்கது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் ஒகர உயிர்மெய் கொம்பு, மெய், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. அதை மாற்றும் எளிய நிரல்கள் கொம்பை மட்டும் மெய்க்குப் பின் நகர்த்திவிட்டுக் காலைத் தனியே விட்டுவிடுகின்றன.

இதற்கு யூனிகோடு செந்தரமே தீர்வு அளிக்கிறது. இவ்விரு வடிவங்களும் நிகரானவை என அது வரையறுப்பதால், இயல்பாக்கம் என்ற செயல்முறையால் அனைத்தையும் ஒற்றைக்குறி வடிவத்திற்குக் கொண்டுவரலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பு முதல் இதற்கான கட்டளை உண்டு. தரவு உள்ளே வரும் வாயிலிலேயே இயல்பாக்கம் நிகழுமாறு அமைத்தல் வேண்டும். தேடுசொல்லுக்கும் அதே செயல்முறை நிகழ வேண்டும்.

2.3 இயல்பாக்கம் எட்டாத இடங்கள்

எல்லா வேறுபாடுகளையும் இயல்பாக்கம் நீக்கிவிடும் எனக் கருதலாகாது. தீவுகளின் தலைநகரமே இதற்குத் தக்க சான்று. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. இப்பெயரின் முதலெழுத்தை 'ஸ' (3000) கொண்டும் எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட 'ஶ' (2998) கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தோன்றும். யூனிகோடு இவற்றை நிகரானவையாகக் கொள்வதில்லை. ஆதலின் இயல்பாக்கத்திற்குப் பின்னரும் இரண்டாகவே இருக்கும். ஊர்ப்பெயரால் பதிவுகளைத் தேடுபவருக்கு ஒரு பகுதி மட்டுமே கிடைக்கும். எஞ்சிய பகுதி இருப்பதே தெரியாது.

'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' எனத் தட்டச்சு செய்தல், ஆகாரக்குறியின் இடத்தில் ரகரத்தை இடுதல், கண்ணுக்குப் புலப்படாத சுழிய அகலக் குறி சொல்லின் நடுவே தங்கிவிடுதல் ஆகியனவும் இவ்வகையினவே. இவற்றுக்கு மூன்று வழிகள் பயன்தரும்.

(அ) ஊர்ப்பெயர், ஆட்பெயர், மொழிப்பெயர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யவிடாமல் முன்னரே அமைத்த பட்டியலிலிருந்து தெரிவு செய்யுமாறு அமைத்தல். ஹேவ்லாக் தீவு 2018இல் ஸ்வராஜ் த்வீப் ஆனது போன்ற பெயர் மாற்றங்களைப் பழைய பெயரை அழிக்காமல் இணைப்பெயராகச் சேர்க்கலாம்.

(ஆ) தமிழ் எழுத்தமைப்பில் வாராத குறித்தொடர்களைத் தேடுதல். சொல்லின் முதலில் உயிர்மெய்க்குறி, அடுத்தடுத்து இரு உயிர்மெய்க்குறி, உயிர்மெய்க்குறிக்குப் பின் புள்ளி ஆகிய மூன்றையும் வாரம் ஒருமுறை தேடிப் பட்டியலிட்டால் பெரும்பாலான பிழைகள் வெளிப்படும்.

(இ) பழைய எழுத்துருவில் உள்ள மூலக் கோப்பை மாற்றியபின் அழிக்காமல், எழுத்துருவின் பெயரைக் குறித்து அப்படியே பாதுகாத்தல். மாற்று நிரலில் குறை தெரியவரும்போது மூலமே துணை.

2.4 ரோமன் எழுத்தும் ஒலியெழுத்தும்

நிக்கோபாரியத் தரவுக்கும் இதே விதி பொருந்தும். மேற்குறியுள்ள ரோமன் எழுத்தை ஒரே குறியாகவும் எழுத்து, மேற்குறி என இரு குறிகளாகவும் சேமிக்க முடியும். குரல்வளை அடைப்பொலியை மேற்கொம்புக் குறியால் காட்டும் எழுத்து முறைகளில் கூடுதல் கவனம் தேவை. விசைப்பலகையின் நேர்க்குறி (39), சொற்செயலி தானே மாற்றியிடும் வளைகுறி (8217), எழுத்தாகவே கொள்ளப்படும் குறி (700) ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒத்தவை. முதலிரண்டையும் கணிப்பொறி நிறுத்தக்குறியாகக் கொள்வதால் சொல் பிளவுபடும். எழுத்தாயின் 700 என்னும் குறியையே பயன்படுத்துதல் வேண்டும். சொற்செயலியின் தானியங்கு மாற்றத்தை நிறுத்திவைத்தல் வேண்டும்.

3. அகரவரிசை

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நிற்கும் வரிசை தமிழ் நெடுங்கணக்கின் வரிசை அன்று. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்திற்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளிக்குரிய எண் எல்லா உயிர்மெய்க்குறிகளுக்கும் பிந்தியது. எனவே குறியெண் வரிசையை மட்டும் பின்பற்றும் அமைப்பில் அகராதி ஒழுங்கு குலைகிறது.

நெடுங்கணக்கு வரிசை: பக்கம், பகல், பழம், பள்ளம், பறவை, பனை.

குறியெண் வரிசை: பகல், பக்கம், பனை, பறவை, பள்ளம், பழம்.

இந்த ஆறு சொற்களையே சோதனைப் பட்டியலாகக் கொள்ளலாம். புதிய வழங்கியை ஏற்கும் நாளில் இவற்றை உள்ளிட்டு வரிசைப்படுத்தினால் அமைப்பு சரியா என்பது உடனே விளங்கும். தவறாயின் இயக்க முறைமையின் தமிழ் வட்டார அமைப்பையோ, போஸ்ட்கிரெஸின் 10ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் ஐசியு வரிசை முறைகளில் தமிழுக்குரியதையோ தெரிவு செய்யலாம். வரிசை விதி பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும். ஆதலின் இயக்க முறைமையைப் புதுப்பித்தபின் தரவுத்தளத்தின் சுட்டுப் பட்டியல்களை மீண்டும் உருவாக்க வேண்டும். இல்லையெனில் இருக்கும் சொல்லையே இல்லை என வழங்கி விடையளிக்கும்.

பன்மொழி அகராதியில் ஒவ்வொரு மொழிப் புலத்திற்கும் தனித்தனி வரிசை விதி அமைத்தல் வேண்டும். தரவுத்தளம் முழுமைக்கும் ஒரே விதி என்பது பெரும்பாலும் ஆங்கில விதியாகவே முடிகிறது.

4. கோப்புப் பெயரும் காலக்குறிப்பும்

லினக்ஸ் இயக்க முறைமையில் பரவலாக வழங்கும் கோப்பு அமைப்புகள் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் மட்டுமே அனுமதிக்கின்றன. தமிழில் இது 85 குறிகளாகச் சுருங்கும். விண்டோஸில் இட்ட நீண்ட தமிழ்ப் பெயருடைய கோப்பு லினக்ஸ் வழங்கிக்குப் படியெடுக்கப்படாமல் விடுபட்டுப் போவதற்கு இது ஒரு காரணம். மேலும், 2017க்கு முன் மேக் கணிப்பொறிகளில் வழங்கிய கோப்பு அமைப்பு ஒகரக்குறியை இரண்டாகப் பிரித்தே பெயரைச் சேமித்தது. அத்தகைய கணிப்பொறியிலிருந்து வரும் கோப்பு வழங்கியில் ஒரே பெயரில் இருமுறை தோன்றும்.

எனவே கோப்புப் பெயரில் ரோமன் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் பயன்படுத்தி, மொழிக்குறி, நாள், தொடர் எண் என்ற வரிசையில் பெயரிடுதல் தக்கது. பேச்சாளர், ஊர், பொருள் முதலிய செய்திகள் தனி விவரப் பட்டியலில் தமிழிலேயே இடம்பெறட்டும்.

ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரத்தைக் களத்திற்குப் புறப்படும் நாளிலேயே சரிசெய்தல் வேண்டும். நினைவட்டைகளில் வழங்கும் பழைய கோப்பு அமைப்பு நேர வலயத்தைக் குறிப்பதில்லை. தீவுகளில் இந்தியச் செந்தர நேரமே வழங்குகிறது. ஆனால் ஞாயிற்றின் இயக்கத்தை ஒட்டிய நேரம் அதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முந்தியது. பொழுதைக் குறிக்கும் சொற்களை ஆய்வோர் பதிவின் கடிகார நேரத்தைப் பெருநிலத்து வழக்கோடு ஒப்பிடும்போது இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

5. மெலிந்த இணைப்பில் தரவு அனுப்புதல்

நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், இரு தடம் என்ற அளவில் அழுத்தப்படாத ஒலிப்பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 1.04 கிகாபைட் கொள்ளும். நொடிக்கு 512 கிலோபிட் இணைப்பில் இதை அனுப்ப நான்கரை மணி நேரம் ஆகும். 20 மெகாபிட் இணைப்பில் ஏழு நிமிடம். இடையில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும் முறை முதல் நிலையில் பயன்படாது. விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஆர்சிங்க் போன்ற நிரலைப் பயன்படுத்துதல் வேண்டும். பகலில் அது கொள்ளும் வேகத்திற்கு வரம்பிட்டு, இரவில் வரம்பை நீக்கலாம்.

பேரளவுத் தரவுக்குக் கணக்கு வேறு. ஒரு டெராபைட் தரவை 20 மெகாபிட் இணைப்பில் இடையறாது அனுப்பினால் நான்கு நாள் 15 மணி நேரம் ஆகும். சென்னைக்குச் செல்லும் கப்பல் மூன்று நாள் அளவில் கரை சேரும். ஆகவே முதற்படியை வட்டில் எழுதிக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பி, பின்னர் நிகழும் சேர்க்கைகளை மட்டும் இணைப்பு வழி அனுப்புதல் சிக்கனமானது.

எவ்வழியாயினும் அனுப்பும் முன்னரும் பெற்ற பின்னரும் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுதல் கட்டாயம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். கோப்பின் அளவு ஒத்திருப்பது போதிய சான்று ஆகாது. தீவின் உள்வலையமைப்பில் மென்பொருள் தொகுப்புகளின் படி ஒன்றை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கணிப்பொறியும் அதே புதுப்பிப்பைத் தனித்தனியே இறக்கும் வீண்செலவு நீங்கும்.

6. மின்சாரமும் ஈரமும்

மின்தடை நேரும்போது வழங்கியின் நினைவகத்தில் எழுதப்படாமல் நிற்கும் தரவு இழக்கப்படுகிறது. மின்கல மாற்றுக் கருவியை வைப்பதோடு அமையாமல், அதன் செய்திக் கம்பியை வழங்கியோடு இணைத்து, மின்கலம் குறித்த அளவுக்குக் குறைந்ததும் வழங்கி முறையாகத் தானே அணையுமாறு அமைத்தல் வேண்டும். மின்சாரம் திரும்பியதும் உடனே இயங்கத் தொடங்குதல் கூடாது. டீசல் இயந்திரம் நிலைபெறும்வரை மின்னழுத்தம் ஏறி இறங்கும். மின்கலம் ஓரளவு நிரம்பிய பின்னரே இயங்குமாறு காலத்தாழ்வு அமைக்கலாம். மாதம் ஒருமுறை மின்னிணைப்பை வேண்டுமென்றே துண்டித்து இவ்வமைப்பைச் சோதித்தல் நன்று.

குளிரூட்டிய அறையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தவுடன் இயக்கலாகாது. மூடிய உறையிலேயே வைத்துச் சூழலின் வெப்பத்திற்கு வந்தபின் திறந்தால் உட்புறம் நீர்த்துளி படியாது. நினைவட்டைகளையும் வட்டுகளையும் சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

7. காப்புப்படி

மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வேற்றிடத்தில் என்பது பொதுவாக வழங்கும் விதி. இவ்விதியில் 'வேற்றிடம்' என்ற சொல்லுக்குத் தீவுகளில் தனிப்பொருள் கொள்ள வேண்டும். அடுத்த கட்டடமும் அடுத்த தீவும் வேற்றிடம் ஆகா. ஒரே நிலநடுக்கமும் ஒரே பேரலையும் அவற்றைச் சேர்த்தே தாக்கக்கூடும். மூன்றாம் படி பெருநிலத்தில், கடற்கரையை விட்டு விலகிய ஊரில் இருத்தலே பொருந்தும்.

இரு வட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் இரட்டை வட்டமைப்பு காப்புப்படி அன்று. வட்டுப் பழுதிலிருந்து மட்டுமே அது காக்கும். தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டிலும் ஒருங்கே அழியும். ஒத்திசைவு நிரலிலும் இதே ஆபத்து உண்டு. எனவே ஒத்திசைவில் அழித்தல் கட்டளையை நீக்கிவிட்டு, மாதப் படி ஒன்றை மாற்றமின்றி ஓராண்டேனும் வைத்திருத்தல் வேண்டும். எழுத்துப் பெயர்ப்பில் நேர்ந்த பிழை பல மாதங்கள் கழித்தே கண்டறியப்படுவது மொழிப்பணியில் இயல்பு.

மீட்டுப் பார்க்காத காப்புப்படியை நம்ப இயலாது. காலாண்டுக்கு ஒருமுறை பத்துக் கோப்புகளைக் குலுக்கல் முறையில் தெரிவு செய்து, வேறொரு கணிப்பொறியில் மீட்டு, சரிபார்ப்பெண்ணை ஒப்பிட்டு, ஒலியைச் செவியால் கேட்டு, உரையைக் கண்ணால் படித்தல் வேண்டும். இறுதி இரண்டும் மொழியறிந்தவரே செய்யத்தக்கவை. எழுத்தெல்லாம் வினாக்குறியாக மாறிய கோப்பும் சரிபார்ப்பெண் சோதனையில் பிழையின்றித் தேறிவிடும்.

8. அணுகுரிமை

1956ஆம் ஆண்டின் தொல்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை, ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்குள் வெளியார் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. நிலத்திற்கு வரம்பு உள்ளபோது, அம்மக்களின் குரலும் உருவமும் உள்ள கோப்புகள் வரம்பின்றித் திறந்திருத்தல் முறையன்று. பேச்சாளரின் இசைவை ஒவ்வொரு பதிவின் விவரப் பட்டியலிலும் தனிப்புலமாக அமைத்து, அனைவர்க்கும் திறந்தது, ஆய்வாளர்க்கு மட்டும், மூடப்பட்டது என மூவகைப்படுத்தலாம். லினக்ஸ் வழங்கியில் மூன்று பயனர் குழுக்களை உருவாக்கி, கோப்புறையின் உரிமைகளை அப்புலத்தோடு ஒத்திருக்குமாறு அமைத்தல் எளிது. இசைவு திரும்பப் பெறப்பட்டால் புலத்தை மாற்றினால் போதும்.

இவ்வுரிமைகள் காப்புப்படிகளுக்கும் பொருந்த வேண்டும். கப்பலில் அனுப்பும் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருத்தல் வேண்டும். மறையாக்கத் திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் பணி மாறும் நாளில் தரவும் போய்விடும். ஆதலின் இருவரிடம், இரு ஊர்களில் அதை எழுத்து வடிவில் வைத்தல் தக்கது. வழங்கியினுள் நுழையக் கடவுச்சொல்லைத் தவிர்த்துத் திறவுகோல் முறையைக் கையாளுதலும், ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு அளித்தலும் வேண்டும். யார் எப்பொழுது எதைத் திருத்தினார் என்ற பதிவு பதிப்பாசிரியருக்கும் பயன்படும் சான்றாகும்.

9. முடிவுரை

கணிப்பொறியின் அமைப்பு மொழியின் வடிவத்தில் தலையிடுகிறது என்பது மேற்கண்டவற்றால் விளங்கும். எது எழுத்து, எது நிறுத்தக்குறி. எது முன், எது பின். எவை ஒரே சொல், எவை வேறு சொற்கள். யார் கேட்கலாம், யார் கேட்கலாகாது என்ற வினாக்களுக்கு வழங்கி ஒவ்வொரு கணமும் விடையளித்துக்கொண்டே இருக்கிறது. மொழியியலார் விடை சொல்லாவிடில் உற்பத்தியாளர் முன்னமைத்த விடையே நிலைபெறும். அவ்விடை பெரும்பாலும் தமிழை எண்ணிச் செய்யப்பட்டதன்று. நிக்கோபாரியத்தையோ அந்தமானிய மொழிகளையோ எண்ணிச் செய்யப்பட்டதும் அன்று.

இங்குக் கூறியவற்றுள் முதற்கண் செய்யத்தக்கவை மூன்று: ஆறு சொற்களைக் கொண்டு அகரவரிசையைச் சோதித்தல், 'கொடி' என்பதை இருவகையாக உள்ளிட்டுத் தேடிப் பார்த்தல், பத்துக் கோப்புகளைக் காப்புப்படியிலிருந்து மீட்டுக் கேட்டல். முதலிரண்டுக்கும் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகாது. மூன்றாவதற்கு அரை நாள் போதும். இனிக் கேட்டுப் பெற ஆளில்லாத மொழிகளின் தரவைக் காப்போர் அந்நேரத்தைச் செலவிடுதல் களப்பணியின் ஒரு கூறேயாகும்.